பதினொன்றா, ஏழரையா? ஸ்வீடன் ராணுவத்தின் ரிவால்வர் கணக்கு

ஸ்வீடன் கடைசியாகப் போருக்குப் போனது 1814இல். பக்கத்து நார்வேயோடு சில வாரம் நடந்த சண்டை அது. அதற்கப்புறம் அந்த நாட்டுப் படை யார்மீதும் போர் தொடுக்கவில்லை. ஆனால் ஆயுதம் வாங்குவதை மட்டும் நிறுத்தவே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அவர்கள் எடுத்த ரிவால்வர்களை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது. சுடப் போகிறவன் யார் என்பதைவிட, பல வருடம் இடுப்பில் சுமக்கப் போகிறவன் யார் என்பதுதான் அங்கே பெரிய கேள்வி.

அவர்கள் முன்னால் கால் நூற்றாண்டுக்குள் மூன்று வழிகள் வந்து நின்றன. 1860களில் பிரெஞ்சு லெஃபோஷே முறையிலான ஊசித் தோட்டா ரிவால்வர். 1871இல் குதிரைப்படைக்கு எடுத்த, குழாய் வாய் 11 மி.மீ. அகலமுள்ள லெஃபோஷே-ஃபிராங்காட். 1887இல் அதிகாரிகளுக்கு எடுத்த 7.5 மி.மீ. நாகாந்த். மூன்றின் பெயரும் துப்பாக்கியின் பெயர்தான். ஆனால் உண்மையில் ஒவ்வொரு முறையும் அவர்கள் தேர்ந்தெடுத்தது தோட்டாவை. துப்பாக்கி அதைச் சுற்றிக் கட்டிய வீடு. அதனால் நானும் தோட்டாவிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊசித் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் விநோதமாகத்தான் இருக்கும். பித்தளையிலோ செம்பிலோ செய்த சின்னக் குப்பி. முனையில் ஈயக் குண்டு. அதுவரை சரி. அடிப்பக்கம் ஓரத்தில், தீக்குச்சியைவிட மெல்லிய ஒரு ஊசி செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊசியின் மறுமுனை குப்பிக்குள்ளே ஒரு கேப்பின் (தட்டினால் பொறி விடும் சின்ன மூடி) மேல் உட்கார்ந்திருக்கிறது. துப்பாக்கியின் சுத்தி மேலிருந்து வந்து ஊசியின் தலையில் தட்டினால், உள்ளே கேப்பு வெடித்து மருந்து பற்றிக்கொள்ளும். காசிமிர் லெஃபோஷே 1830களில் கொண்டுவந்த யோசனை. அவர் மகன் யூஜின் அதை வைத்து ரிவால்வர் செய்தார். பிரெஞ்சுக் கடற்படை அதை 1858 மாதிரி என்று ஏற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் பாதிப் பேர் கையில் அதுதான்.

இன்றைக்கு இதைப் பார்த்துச் சிரிக்கலாம். அன்றைய மாற்று என்ன என்று தெரிந்தால் சிரிப்பு அடங்கும். அதற்கு முந்தைய ரிவால்வரில் சுழல் உருளையின் ஒவ்வொரு அறையிலும் (குண்டு உட்காரும் துளை) மருந்தைப் போட்டு, குண்டை வைத்து அழுத்தி, பின்னால் கேப்பு மாட்டி, ஆறு தடவை இதையே செய்ய வேண்டும். மழை, காற்று, குதிரை மூன்றும் சேர்ந்தால் முடிந்தது கதை. ஊசித் தோட்டாவில் எல்லாம் ஒரே பொட்டலம். காலிக் குப்பியை வெளியே எடுக்கவும் ஊசியே உதவும். துப்பாக்கியை ஒரு பார்வை பார்த்தாலே எந்த அறையில் தோட்டா இருக்கிறது என்று தெரிந்துவிடும், ஊசி வெளியே எட்டிப் பார்க்கிறதே.

குறையும் அதே ஊசிதான். ஒவ்வொரு அறையின் விளிம்பிலும் ஊசிக்கென்று ஒரு சின்ன வெட்டு இருக்கும். தோட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊசி அந்த வெட்டில் உட்காரும்படி வைக்க வேண்டும். பனிக்காலத்தில் கையுறை போட்ட விரலோடு, அசைகிற குதிரைமேல், இருட்டில் இதைச் செய்து பாருங்கள். போதாக்குறைக்கு, ஊசி எதிலாவது பலமாக இடித்தாலும் வெடிக்கும். அடிபட்டால் வெடிக்கும் ஆணிகளோடு ஒரு தோட்டாப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிரை ஓட்ட எனக்கு மனம் வராது. அதனால் இந்த வழியை இங்கேயே தள்ளிவிடலாம். ஸ்வீடனும் சீக்கிரமே தள்ளிவிட்டது. அப்போது ஒரே மன்னரின் கீழ் இருந்த நார்வே மட்டும் தன் 1864 மாதிரி ஊசி ரிவால்வர்களை நெடுநாள் வைத்திருந்து, 1898இல் அவற்றையே மையத்தில் வெடிக்கும் தோட்டாவுக்கு மாற்றிக்கொண்டது. சிக்கனம் என்றால் அது சிக்கனம்.

மிச்சம் இருப்பவை இரண்டு. உண்மையான போட்டி இங்கேதான்.

1871 மாதிரியைச் செய்தது பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து ஆகஸ்ட் ஃபிராங்காட் பட்டறை. பிற்பாடு ஸ்வீடனிலேயே ஹஸ்க்வர்னா தொழிற்சாலையும் செய்தது. ஆறு அறை. உருவம் பழைய லெஃபோஷேதான்: சுழல் உருளைக்கு மேலே பாலம் மாதிரி ஓடும் பட்டை கிடையாது, மேல்பக்கம் திறந்தே கிடக்கும். மாறியது உள்ளே போகும் தோட்டா. ஊசி போய்விட்டது. தோட்டாவின் அடித்தட்டில் நட்டநடுவே கேப்பு. எப்படித் திருப்பிப் போட்டாலும் நடு நடுதானே! வெட்டைத் தேட வேண்டாம், இடித்து வெடிக்குமோ என்ற பயமும் பெரும்பாலும் இல்லை. அதே சமயம் ஸ்வீடன் காலாட்படையின் கையிலிருந்த 1867 மாதிரி ரெமிங்டன் துப்பாக்கி, விளிம்பில் அடித்து வெடிக்கும் 12.17 மி.மீ. தோட்டாவைப் போட்டுக்கொண்டிருந்தது. அதாவது குதிரைக்காரனின் ரிவால்வர், தோட்டா விஷயத்தில் காலாட்படையின் நீளத் துப்பாக்கியை முந்திவிட்டது. இது எனக்கு எப்போதும் பிடித்த ஒரு சின்ன வேடிக்கை.

ஏன் 11 மி.மீ.? அன்றைக்குக் குதிரைப்படைக்கு எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். குதிரைக்காரனை எதிர்த்து வருபவனும் குதிரைமேல் வருவான், குதிரையையே நிறுத்த வேண்டியிருக்கும் என்பது அன்றைய நியாயம். கருமருந்தில் வேகத்தை இஷ்டப்படி கூட்ட முடியாது. வேகம் கூடாது என்றால் குண்டைப் பெரிதாக்கு. எளிய கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாய் அகலம் பெரிது என்பதாலேயே அடி பெரிதாகிவிடாது. பிரெஞ்சுக்காரர்களின் 1873 மாதிரியும் 11 மி.மீ.தான். அதன் ஆரம்பகாலத் தோட்டா ஏறக்குறைய 11.6 கிராம் குண்டை நொடிக்கு 130 மீட்டர் வேகத்தில்தான் தள்ளியது. கணக்குப் போட்டால் 100 ஜூல்கூட (அடியின் வலுவை அளக்கும் அலகு) வராது. அவர்களே 1890இல் மருந்தைக் கூட்டி அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஜெர்மானியர்களின் 1879 ரிவால்வர் 10.6 மி.மீ., பிரெஞ்சைவிடச் சற்றுச் சின்னது. ஆனால் 17 கிராம் குண்டு, நொடிக்குச் சுமார் 205 மீட்டர். அது 350 ஜூலைத் தாண்டும். கிட்டத்தட்ட ஒரே விட்டம், அடியில் மூன்றரை மடங்கு வித்தியாசம். "பதினொன்று பெரிசு, ஏழரை சின்னது" என்று விட்டத்தை மட்டும் வைத்துப் பேசுபவரை நான் பாதிதான் நம்புவேன்.

சரி, ஏழரைக்கு வருவோம். ஏழரை என்றதும் நம் ஆட்களுக்குச் சனி ஞாபகம் வரும். இந்த ஏழரைக்கும் ஒரு சனி பிடித்திருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏழரையை முதலில் துணிந்து எடுத்தவர்கள் சுவிஸ்காரர்கள். 1872இலும் 1878இலும் 10.4 மி.மீ. வைத்திருந்தவர்கள், 1882இல் அதிகாரிகளுக்கு 7.5 மி.மீ. போதும் என்று முடிவு செய்தார்கள். சுவிட்சர்லாந்தும் போருக்குப் போகாத நாடு. ஐந்து வருடம் கழித்து ஸ்வீடனும் அதே அளவுக்கு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னாடியே 1893இல் நார்வேயும் ஏழரை நாகாந்தை எடுத்துக்கொண்டது.

ஸ்வீடனின் 7.5 தோட்டாவில் பித்தளை உறையின் நீளம் சுமார் 22 மி.மீ. ஈயக் குண்டு ஆறே முக்கால் கிராம் இருக்கும். வேகம் நொடிக்கு 220 மீட்டர். அடி 160 ஜூல் சுமாருக்கு வருகிறது. ஆக, பிரெஞ்சின் ஆரம்பகால 11 மி.மீ.யைவிட இந்தச் சின்னதே ஒன்றரை மடங்குக்கு மேல் வலு. ஜெர்மன் 10.6 முன்னால் வைத்தால் பாதிகூட இல்லை. இன்றைய 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா ஏறக்குறைய 490 ஜூல் தருகிறது, அதன் மூன்றில் ஒரு பங்குதான் இது. குண்டின் முகப்பரப்பைப் பார்த்தால் 11 மி.மீ.க்கு இதைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு ஆளை அந்த இடத்திலேயே நிறுத்தும் தோட்டா என்று ஏழரையை யாரும் பெருமையாகச் சொல்ல முடியாது.

சின்ன விட்டம் போர்க்களத்தில் எப்படிக் காலை வாரும் என்று அமெரிக்கர்கள் பிலிப்பைன்ஸில் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய .38 (இது அங்குலக் கணக்கு) ரிவால்வர் பாய்ந்து வருகிற மோரோ வீரர்களை (அங்கே தெற்கில் வாழும் முஸ்லிம் மக்கள்) நிறுத்தவில்லை என்ற புகார் வந்து, 1904இல் சோதனைகள் நடத்தி, கடைசியில் 1911இல் .45க்குத் திரும்பினார்கள். காலனிகளில் சதா சண்டையில் இருந்த பிரிட்டிஷார் .455ஐ விடவே இல்லை. அந்த இரண்டு நாட்டு அதிகாரியிடம் ஸ்வீடன் நாகாந்தைக் கொடுத்திருந்தால் திருப்பித் தந்திருப்பார்.

ஆனால் ஸ்வீடன் அதிகாரியின் நிலைமை வேறு. அவர் வேலை படையை நடத்துவது. ரிவால்வர் கடைசிக் கைக்காவல். 11 மி.மீ. ரிவால்வர் ஒரு கிலோவுக்கு மேல் எடை, நீளமும் அதிகம். குதிரைக்காரனுக்கு அது பொருட்டில்லை, சுமப்பது குதிரை. நடந்துபோகும் அதிகாரிக்கு அது இடுப்பை இழுக்கும் இரும்பு. நாகாந்த் முக்கால் கிலோ சொச்சம். தோட்டாவும் சின்னது, அதே கனத்தில் அதிக எண்ணிக்கை கொண்டுபோகலாம். உதைப்பு லேசு என்பதால் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பயிற்சி சுடுபவர்கூட ஓரளவு குறி பார்த்து அடிக்க முடியும். இந்தக் கடைசி விஷயத்தை நிறையப் பேர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. படாத பெரிய குண்டைவிடப் பட்ட சின்னக் குண்டு மேல், அவ்வளவுதான்.

துப்பாக்கியின் கட்டுமானத்திலும் நாகாந்த் ஒரு தலைமுறை முன்னால் நிற்கிறது. எமில், லியோன் என்ற நாகாந்த் சகோதரர்கள் லியேஜ்காரர்கள்தான். அவர்களுடைய சட்டகம் மூடிய சட்டகம், சுழல் உருளைக்கு மேலேயும் பட்டை ஓடும். அதனால் நாள்பட்டாலும் குழாய் தளர்ந்து ஆடுவதில்லை. சுத்தியை முதலில் பின்னுக்கு இழுக்காமலே விசையை அழுத்திக்கொண்டே போனால் சுடலாம். வலது பக்கம் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்து ஒவ்வொன்றாகத் தோட்டாவைப் போட வேண்டும். காலி உறையைத் தள்ளும் கம்பி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடத்தான் வேண்டியிருக்கும். சுழல் உருளையின் அச்சே உள்ளே பொள்ளல். கம்பி அதற்குள் ஒளிந்திருக்கிறது. முன்பக்கமாக இழுத்து, குழாயைச் சுற்றிய வளையத்தோடு பக்கவாட்டில் திருப்பினால், கதவுக்கு நேராக வந்து நிற்கும். ஒரு தள்ளு, ஒரு உறை. உருளையை ஒரு படி சுற்று, இன்னொரு தள்ளு. ஆறு முறை. வேகம் என்று சொல்ல முடியாது. அதே 1887இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட வெப்லி நடுவே மடிந்து ஆறு உறையையும் ஒரே நேரத்தில் துப்பிவிடும். மீண்டும் நிரப்பும் வேகம்தான் முக்கியம் என்றால் நாகாந்த் தோற்கும். ஆனால் மடியும் கீல் இல்லாததால் தேய்மானம் குறைவு. நூறு வருடம் தாண்டியும் இந்த ரிவால்வர்கள் இறுக்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்தச் சனி. ஸ்வீடன் 1887இல் எடுத்தது கருமருந்துத் தோட்டா. சுட்டால் வெள்ளைப் புகை மண்டும். எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் திடமான கசடாகக் குழாயிலும் உருளையிலும் ஒட்டும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். பிரான்ஸில் பால் வியே புகையில்லா மருந்தை 1884இலேயே கண்டுபிடித்துவிட்டார். ஸ்வீடனில் பிறந்த ஆல்ஃபிரெட் நோபல் தன்னுடைய பாலிஸ்டைட்டுக்குக் காப்புரிமை எடுத்தது அதே 1887இல். அதாவது ஒரு சகாப்தம் மூடப்படும் வாசலில் நின்று, போகிற சகாப்தத்தின் தோட்டாவை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று வருடம் பொறுத்திருந்தால் வேறு தோட்டா வந்திருக்கலாம்.  

எனவே என்னைக் கேட்டால்: குதிரைப்படைக்கு 1871இல் எடுத்த முடிவு சரி, 1887இல் அவர்களை அதோடு விட்டுவைத்து அதிகாரிகளுக்குத் தனியாக ஏழரையைக் கொடுத்ததும் சரி. ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கழுத்தில் கத்தி வைத்தால் நாகாந்தை எடுப்பேன், அதுவும் மூடிய சட்டகத்துக்காக. அந்தச் சட்டகத்தில் ஒன்பது மி.மீ. வாக்கில் ஒரு தோட்டா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

எங்கே செய்வது என்பதும் ஒரு முடிவு. 1887 மாதிரி முதலில் லியேஜிலிருந்து வந்தது. 1897இலிருந்து 1905 வரை ஹஸ்க்வர்னா உள்நாட்டிலேயே செய்தது. ஹஸ்க்வர்னா என்றால் நமக்கு இன்று மரம் அறுக்கும் ரம்பமும் பைக்கும்தான். 1689இல் துப்பாக்கிப் பட்டறையாகத் தொடங்கிய இடம் அது. 1872இல் தையல் மெஷின், 1896இல் சைக்கிள், 1903இல் மோட்டார் சைக்கிள் என்று கிளை விட்டது. அந்தப் பைக்கின் டாங்கில் கிரீடம் வைத்த மாதிரி ஒரு சின்னம் இருக்கிறதே, அது துப்பாக்கிக் குழாயை முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் வட்டமும் குறிபார்க்கும் முனையும்தான். உள்நாட்டில் செய்வதன் அருமை 1914இல் புரிந்தது. ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்ததும் அங்கிருந்து ஸ்வீடனுக்கு வந்துகொண்டிருந்த பிரவுனிங் கைத்துப்பாக்கிகள் நின்றுபோயின. 1917இல் ஹஸ்க்வர்னாவே அதையும் செய்யத் தொடங்கியது.

சட்டப்படி வைத்துக்கொள்ள வழியுள்ள நாட்டில் இருந்து, சேகரிப்புக்காக இதில் ஒன்றை வாங்க நினைப்பவருக்கும் இதே கேள்விகள்தான், வரிசை மட்டும் மாறும். அமெரிக்காவில் 1898 முடிவதற்குள் செய்த துப்பாக்கி தொன்மைப் பொருள் கணக்கில் வரும், கூட்டரசின் துப்பாக்கிச் சட்டம் அதை வேறு விதமாகப் பார்க்கும். ஹஸ்க்வர்னாவின் 1897-1905 உற்பத்தி சரியாக அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கிடக்கிறது. ஒரே உருவம், ஒரே தோட்டா, பிறந்த வருடத்தால் ஒன்று தொன்மை, இன்னொன்று துப்பாக்கி. லியேஜில் செய்த முதல் தவணையை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஸ்வீடனிலும் மற்ற நாடுகளிலும் கோடு வேறு வேறு இடத்தில் இருக்கிறது, தன் நாட்டுச் சட்டத்தைப் பார்க்காமல் ஏலத்தில் கை தூக்கக் கூடாது.

தோட்டா விஷயத்தில் 1871 மாதிரி அலமாரியில் உட்கார வேண்டிய பொருள். ஏழரையின் அளவு சுவிஸ் 7.5 ரிவால்வர் தோட்டாவோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும் என்பதால், தேடுபவருக்கு இரண்டு வாசல். பெரிய குழப்பம் வருவது நாகாந்த் என்ற பெயரால். ரஷ்யாவின் 1895 நாகாந்த் உலகம் முழுக்கக் கிடைக்கிறது, அதன் 7.62 தோட்டாவும் கிடைக்கிறது. 7.5க்கும் 7.62க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஸ்வீடன் தோட்டா குட்டையாக, ஈய மூக்கு வெளியே தெரிய நிற்கும். ரஷ்யத் தோட்டா 38 மி.மீ. உயரப் பித்தளை, குண்டு முழுக்க அதற்குள் முழுகிக் கிடக்கும், மேலே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். ரஷ்ய ரிவால்வரின் உருளை முன்னால் நகர்ந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும், உருளைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கத்தான் அந்த நீள உறை. ஏழு அறை வேறு. ஒரே குடும்பப் பெயர், சம்பந்தமே இல்லாத இரண்டு ஆள்.

1907இல் ஸ்வீடன் ரிவால்வரை விட்டுவிட்டு, '9 மி.மீ. லாங்' என்ற தோட்டா போடும் பிரவுனிங் கைத்துப்பாக்கிக்கு மாறியது. அதற்கப்புறம் 1940இல் பாராபெல்லம் போடும் லாஹ்டி கைத்துப்பாக்கி வந்தது. சப்-மெஷின் கன்னுக்கென்று (கையில் பிடித்துத் தொடர்ந்து சுடும் சிறு இயந்திரத் துப்பாக்கி) செய்த கடுமையான தோட்டாவை அந்த லாஹ்டியில் போட்டுச் சுட்டுச் சுட்டு அதில் விரிசல் விழ, 1980களில் அதைப் படையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, கிடங்கில் தூங்கிய பழைய 1907ஐ எழுப்பி வெளியே எடுத்தார்கள். அதே 1907 வகையில் உபரி என்று அமெரிக்காவுக்கு விற்றவற்றுக்கு அங்கே தோட்டா கிடைக்கவில்லை. இறக்குமதி செய்தவர்கள் அவற்றின் அறையை .380 தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றி விற்றார்கள். மாற்றாமல் அப்படியே இருக்கும் ஒன்றுக்கு இன்று சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுக்கிறார்கள்.